எறும்பு வந்துச்சா?



போன இதழில் மழைக்காலத்தில் குழந்தைத் துணிகளை உலர்த்துவது பற்றி எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களில் ஒன்றில் துணியைப் பற்றிப் பேச்சே இல்லை. நாலு வயதுப் பெண் குழந்தையின் தாய் ஒருத்தி இப்படி எழுதியிருந்தாள்: "மார்கழி வருகிறது அக்கா. நான் வாசலில் கலர்க் கோலம் போடும்போது என் பெண்ணும் பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிடுகிறாள். பொடியில் கையை விடுகிறாள். அதே கையை வாயில் வைக்கிறாள். தடுத்தால் அழுகிறாள். பொடி அவளை ஏதாவது செய்யுமா? அவளைக் கோலத்தின் பக்கம் விடலாமா, கூடாதா?"

இதற்கு இரண்டே வரியில் பதில் எழுதிவிடலாம். ஆனால் இந்தப் பதிலை நான் தெரிந்துகொள்வதற்குள், மாமியாரிடம் பொய் சொல்லி, அது பிடிபட்டு, தலைகுனிந்து நிற்க வேண்டியிருந்தது. அந்தக் கதையை விட்டுவிட்டுப் பதிலை மட்டும் சொல்ல மனசு வரவில்லை.

எனக்குக் கோலம் என்றால் உயிர். பத்தாவதோடு என் படிப்பை நிறுத்திவிட்டார்கள். பள்ளிக்கூட நோட்டில் மீதி இருந்த தாள்களில் எல்லாம் கோலம் போட்டுப் போட்டுத்தான் அந்த வருத்தத்தை ஆற்றிக்கொண்டேன். கல்யாணமாகித் தஞ்சாவூர்ப் பக்கம் வந்தபோது புடவைகளோடு அந்தக் கோல நோட்டும் பெட்டியில் வந்தது.

புகுந்த வீட்டில் அத்தை (என் மாமியாரை அப்படித்தான் கூப்பிடுவேன்) தினமும் விடியற்காலையில் எழுந்து, சாணம் தெளித்து, பெருக்கி, அரிசி மாவில் சின்னதாக ஒரு கோலம் போடுவார்கள். ஏழு புள்ளிக்கு மேல் போகாது. நான் வந்ததும், "இனிமே வாசல் உன் பொறுப்பு" என்று மாவு டப்பாவைக் கையில் கொடுத்துவிட்டார்கள். கொஞ்ச நாள் அரிசி மாவில்தான் போட்டேன். அப்புறம் டவுனுக்குக் குடிவந்தோம். தெருவில் சைக்கிளில் வெள்ளைப் பொடி விற்றுக்கொண்டு வருவார்கள். ஒரு படி வாங்கினால் ரொம்ப நாளைக்கு வரும். விரலில் நன்றாக வழுக்கி விழும், பளிச்சென்றும் இருக்கும். அரிசி மாவு பழுப்பாகத் தெரியும், காற்றில் கலையும். எதற்கு வம்பென்று பொடிக்கு மாறிவிட்டேன். அத்தை ஒன்றும் சொல்லவில்லை.

2019 ஜனவரியில், மார்கழிக் கடைசியில், எங்கள் தெருவில் கோலப் போட்டி வைத்தார்கள். வீட்டு வாசலை அடைத்துக்கொண்டு தோகை விரித்த மயில் போட்டேன். பதினோரு கலர். ராத்திரி ஒன்பது மணிக்கு ஆரம்பித்து, ஒரு மணிக்குத்தான் இடுப்பை நிமிர்த்தினேன். முதல் பரிசு எவர்சில்வர் குடம். தெருவே வந்து பார்த்துவிட்டுப் போனது. இவர்கூட நாலு பேரை அழைத்து வந்து காட்டினார்.

அத்தை வெளியே வந்து, திண்ணைத் தூணைப் பிடித்துக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார்கள். "நல்லாத்தாம்மா இருக்கு" என்றார்கள். அப்புறம், "ஒரு எறும்புகூட வரலியே" என்றார்கள்.

எனக்குச் சுருக்கென்றது. ஊரே புகழ்கிறது, இவர்களுக்கு மட்டும் ஒரு நல்ல வார்த்தை வராதா? ராத்திரியெல்லாம் குனிந்து போட்டவளிடம் பேசுகிற பேச்சா இது? இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. மூன்றாம் நாள் பருவம் தப்பி ஒரு மழை பெய்தது. பதினோரு கலரும் ஒன்றாகிக் கருநீலமாக வாய்க்காலில் ஓடியது. அந்த வாய்க்கால் குளத்தில் போய் விழுகிறது என்பது அன்றைக்கு என் புத்தியில் உறைக்கவில்லை. கோலம் போயிற்றே என்றுதான் வருத்தப்பட்டேன்.

அதே வருஷம் ஆடியில் அத்தை கொல்லையில் வழுக்கி விழுந்தார்கள். இடுப்பு எலும்பு முறிவு. ஆபரேஷன் ஆகி வீட்டுக்கு வந்தாலும் எழுந்து நடக்க முடியவில்லை. கூடத்தில் கட்டில் போட்டோம். அங்கிருந்து வாசல் தெரியாது. தினமும் காலையில் நான் கோலம் போட்டு, கை கழுவி, காபியோடு போய் நிற்பேன். அவர்கள் முதலில் கேட்பது காபியை இல்லை.

"எறும்பு வந்துச்சா?"

முதல் நாள் என்ன சொல்வதென்று தெரியவில்லை. படுத்த படுக்கையாக இருக்கிறவர்களிடம் இல்லை என்று சொல்வானேன் என்று, "வந்துச்சு அத்தை" என்றேன். முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. மறுநாளும் கேட்டார்கள். மறுநாளும் சொன்னேன். சில நாள், "சாரை சாரையா வந்துச்சு" என்றுகூட ஜோடித்தேன். பொய் பழகிவிட்டால் அதற்கும் கோலம் மாதிரி வளைவு நெளிவெல்லாம் வந்துவிடுகிறது.

புரட்டாசியில் சக்கர நாற்காலி வாங்கினோம். ஒரு வெள்ளிக்கிழமை காலை. நான் அடுப்படியில் இருந்தேன். என் பையன், "வாங்க பாட்டி, வாசலுக்குப் போகலாம்" என்று தள்ளிக்கொண்டு போய்விட்டான். நான் ஈரக் கையோடு ஓடினேன். அத்தை பேரனிடம், "அந்தக் கோலத்துலேருந்து கொஞ்சம் தொட்டுக் குடுடா" என்றார்கள். அவன் ஒரு சிட்டிகை எடுத்து அவர்கள் விரலில் வைத்தான். அதை நாக்கு நுனியில் வைத்துப் பார்த்தார்கள்.

"கல்லு" என்றார்கள்.

நான் நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். திட்டியிருந்தால் தேவலை. என்னை நிமிர்ந்து பார்த்து, மெதுவாக, "எறும்புக்குக் கல்லு திங்கத் தெரியாதும்மா" என்றார்கள். அவ்வளவுதான். இவரிடமும் சொல்லவில்லை, பார்க்க வந்த என் நாத்தனாரிடமும் சொல்லவில்லை. அன்றோடு அந்தக் கேள்வியைக் கேட்பதையும் விட்டுவிட்டார்கள். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

அன்று சாயங்காலமே குருணை அரிசியைக் களைந்து நிழலில் உலர்த்தினேன். அத்தை கட்டிலில் இருந்தபடியே பக்குவம் சொன்னார்கள். "ரொம்ப நைசா அரைக்காதே, விரலிலே ஒட்டும். கையிலே எடுத்தா லேசா நறநறன்னு இருக்கணும்." மறுநாள் அரிசி மாவில் ஒன்பது புள்ளிச் சிக்குக் கோலம் போட்டேன். எறும்பு வரவில்லை. இரண்டாம் நாளும் வரவில்லை. இத்தனை வருஷம் கல்லைப் போட்ட வாசலை எறும்பு மறந்திருக்கும்! மூன்றாம் நாள் திண்ணை ஓரத்து வெடிப்பிலிருந்து நாலைந்து வந்தன. மோந்து பார்த்துவிட்டுப் போய்விட்டன. கொஞ்ச நேரத்தில் நூல் பிடித்தாற்போல ஒரு வரிசையே வந்தது. தீனி கண்ட எறும்பு திரும்பிப் போகிற வழியெல்லாம் ஒரு வாசனையைத் தடவிவிட்டுப் போகுமாம். அதைப் பிடித்துக்கொண்டுதான் மற்றவை வருகின்றன. பின்னாலேயே ஓர் அணிலும் வந்தது.

நான் காபியை மறந்து ஓடினேன். "அத்தை, எறும்பு வந்துச்சு!"

"நிஜமாவா?" என்று கேட்டார்கள். அந்தக் கேள்விக்கு நான் தகுதிதானே? நாற்காலியில் உட்காரவைத்து வாசலுக்குத் தள்ளிக்கொண்டு போய்க் காட்டினேன். அரை மணி நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார்கள்.

அதன் பிறகுதான் அத்தையிடம் கோலத்தைப் பற்றி மனம் விட்டுப் பேசினேன். அவர்கள் ஸ்கூல் வாசலை மிதித்தவர்கள் இல்லை. "நமக்கு உலை வைக்கறதுக்கு முன்னாடி வாசல்லே இருக்கறதுக்குப் படியளந்துடணும். கோலங்கறது அதுக்குத்தான். சும்மா அள்ளிப் போட்டா அது பிச்சை. அழகாப் போட்டா விருந்து" என்றார்கள். மழை பொய்த்து, வீட்டில் அரிசிக்கே கஷ்டமாக இருந்த நாட்களில் என்ன செய்தீர்கள் என்று கேட்டேன். "கோலம் சின்னதாச்சு. கல்லாகல்லே" என்றார்கள்.

நம் பெரியவர்கள் சொல்லும் ஐந்து யக்ஞங்களில் பூத யக்ஞம் என்பது இதுதான். மற்ற உயிர்களுக்கு உணவிடுவது. அதற்கு ஹோமமும் வேண்டாம், புரோகிதரும் வேண்டாம், விடியற்காலையில் வாசலில் குனிகிற ஒரு பெண் போதும். அமெரிக்காவில் பேராசிரியையாக இருக்கும் விஜயா நாகராஜன் என்ற தமிழ்ப் பெண்மணி, தமிழ்நாட்டுக் கோலத்தைப் பற்றி விரிவாக ஆராய்ந்து, 2018-ல் ஆங்கிலத்தில் ஒரு புத்தகமே வெளியிட்டிருக்கிறார். ஆயிரம் உயிர்களுக்குச் சோறிடுவது என்பதுதான் அந்தப் புத்தகத்துத் தலைப்பின் பொருள். கலை, பக்தி, சுற்றுச்சூழல் மூன்றும் ஒரே வாசலில் சேர்வதைப் பற்றிய புத்தகம். அத்தை ஒரு சிட்டிகையை நாக்கில் வைத்துச் சொன்னதும் அதுதானே!

காலேஜில் கம்ப்யூட்டர் படிக்கும் என் பெண் இன்னொரு செய்தி சொன்னாள். தாம்பரத்தில் உள்ள சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் பேராசிரியராக இருந்த கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிருத்திவாசன் மூவரும் சேர்ந்து, 1974-லேயே கோலத்தைக் கணக்காக எழுதி ஆராய்ச்சிக் கட்டுரை வெளியிட்டார்களாம். புள்ளியும் வளைவும் எந்த விதிப்படி வளர்கின்றன என்பதை, மொழிக்கு இலக்கணம் எழுதுவதுபோல எழுதினார்களாம். கேட்டபோது எனக்குக் கண் கலங்கியது. பத்தாவதோடு நின்ற நான் நோட்டில் போட்டுப் பார்த்ததும் ஒரு படிப்புத்தான் போலிருக்கிறது.

சரி, கடிதம் எழுதிய சகோதரிக்கு வருகிறேன்.

கடையில் வாங்கும் வெள்ளைப் பொடி கல்லை அரைத்தது. என்ன கல் என்று பொட்டலத்தில் இருக்காது. சுண்ணாம்புக்கல்லாகவும் இருக்கலாம், பளிங்குக்கல்லாகவும் இருக்கலாம், வெங்கச்சங்கல்லாகவும் இருக்கலாம். வெங்கச்சங்கல்லில் இருப்பது சிலிகா. அதை அரைக்கும் இடங்களில் வருஷக்கணக்காக அந்தத் தூசியைச் சுவாசிக்கிற தொழிலாளிகளுக்குச் சிலிக்கோசிஸ் என்ற நுரையீரல் நோய் வருகிறது. அதைக் குணப்படுத்த மருந்து கிடையாது. வாசலில் பத்து நிமிஷம் கோலம் போடுகிற நமக்கு அந்த அளவு ஆபத்து இல்லை. ஆனால் பொடியைச் சலிக்கும்போதும், காற்றடிக்கும் நாளில் கலர் தூவும்போதும் எழும்புகிற தூசு மூச்சிரைப்பு உள்ள குழந்தைக்கு ஆகவே ஆகாது.

கலர்ப் பொடி இன்னும் யோசிக்க வேண்டிய விஷயம். அதில் என்ன சாயம் கலந்திருக்கிறது என்று விற்கிறவருக்கே தெரியாது. சில மலிவான நிறங்களில் ஈயம் இருப்பதுண்டு. குழந்தை உடம்பில் ஈயம் சேர்ந்தால் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். இவ்வளவு வரை பரவாயில்லை என்று சொல்லக்கூடிய அளவே ஈயத்துக்குக் கிடையாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கருத்து. ஆகவே சகோதரி, குழந்தையை விலக்காதே, பொடியை விலக்கு. வாயில் வைத்தாலும் பயமில்லாத மாவைக் கொடுத்தால், அவள் உன் பக்கத்தில் தாராளமாக உட்காரட்டும்.

நான் செய்யும் முறைகளைச் சொல்கிறேன்.

வெள்ளை: பச்சரிசிக் குருணையைக் களைந்து, ஒரு மணி நேரம் ஊறவைத்து, நீரை வடித்து, நிழலில் துணி மேல் பரப்புங்கள். ஈரம் நன்றாகப் போனதும் மிக்ஸியில் லேசான நறநறப்போடு அரைத்துச் சலித்துக்கொள்ளுங்கள். ஈரம் இருந்தால் கட்டி தட்டும், புழுவும் வைக்கும். தினப்படிக் கோலத்துக்கு ஒரு கைப்பிடி போதும். பண்டிகைக்கு ஊறின அரிசியை மைய அரைத்து, நீர் விட்டுத் துணியில் நனைத்து இழைக்கோலம் போட்டால் நாலு நாள் கலையாது.

சிவப்பு: கோலத்தைச் சுற்றிச் செம்மண் கரைத்து இடுவதற்கு இணையான அழகு எந்தக் கலருக்கும் இல்லை. செங்கல்லைப் பொடித்தும் சலித்துக்கொள்ளலாம்.

மஞ்சள், பச்சை, கறுப்பு: அரிசி மாவில் மஞ்சள் பொடி கலந்தால் மஞ்சள். முருங்கைக் கீரையை நிழலில் சருகாக உலர்த்திப் பொடித்தால் பச்சை. கொட்டாங்கச்சிக் கரியைப் பொடித்தால் கறுப்பு. இவை கடைக் கலர் மாதிரி கண்ணைப் பறிக்காது. பழகிவிட்டால் கடைக் கலர்தான் கண்ணை உறுத்தும். மஞ்சளோடு சுண்ணாம்பு சேர்த்தால் நல்ல சிவப்பு வரும் என்பது உங்களுக்குத் தெரியும். ஆனால் சுண்ணாம்பு கண்ணில் பட்டால் ஆபத்து. குழந்தை இருக்கும் வீட்டில் அது வேண்டாம். பொடி எதுவானாலும் தூசு தூசுதான். ஆகவே அரைப்பதையும் சலிப்பதையும் குழந்தை பக்கத்தில் இல்லாதபோது வைத்துக்கொள்ளுங்கள்.

இதைச் சொன்னால் இரண்டு கேள்வி வருகிறது. "எறும்பு வீட்டுக்குள்ளே வந்துடாதா?" என்கிறார்கள். நிலைப்படியை ஒட்டிப் போடாமல் நாலடி தள்ளித் தெருப் பக்கமாகப் போடுங்கள். வெளியிலேயே வயிறு நிறைகிறது, உள்ளே அதற்கு என்ன வேலை? எங்கள் வீட்டில் சர்க்கரை டப்பாவுக்கு வருகிற எறும்பு குறைந்துதான் இருக்கிறது. ஃபிளாட்டில் இருப்பவர்கள் ஒரு மரப் பலகையில் சின்னக் கோலமாகப் போட்டு, சாயங்காலம் மாவை மரத்தடியில் தட்டிவிடலாம்.

"அரிசி விக்கிற விலையிலே தரையிலே கொட்டறதா?" என்று என் சிநேகிதி கேட்டாள். நியாயமான கேள்விதான். கடைக் கலர் வாங்க அவள் மார்கழி மாசத்தில் செலவழிக்கும் பணத்தையும், குருணைக்கு நான் செலவழிக்கும் பணத்தையும் இரண்டு பேருமாக உட்கார்ந்து கணக்குப் பார்த்தோம். அப்புறம் அவள் அதைப் பற்றிப் பேசவில்லை.

கோலத்தில் கற்ற பாடம் பிள்ளையார் சதுர்த்திக்கும் உதவியது. முன்பெல்லாம் குளத்து வண்டலில் பிள்ளையார் பிடித்து, பூஜை முடிந்ததும் அதே குளத்தில் கரைப்பார்கள். மண் மண்ணோடு சேர்ந்துவிடும். அப்புறம் வந்தது பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் பிள்ளையார். ஜிப்சம் என்ற தாதுவைச் சூடாக்கிச் செய்யும் மாவு அது. தண்ணீர் பட்டு ஒரு தரம் இறுகிவிட்டால் லேசில் கரையாது. கையும் காலுமாகக் கரையில் ஒதுங்கிக் கிடக்கும். மேலே பூசிய சாயத்தில் இருக்கும் ஈயம் போன்றவை தண்ணீரில் இறங்கி மீனுக்கும் போகும், அந்த மீனைத் தின்கிறவர்களுக்கும் போகும். மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் இதற்கு 2010-ல் விதிமுறை வகுத்து, 2020 மே மாதம் அதைத் திருத்தி, பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் சிலைகளே கூடாது என்றது. எங்கள் வீட்டில் குழந்தைகள்தான் களிமண்ணில் பிடிக்கிறார்கள். தும்பிக்கை ஒரு பக்கம் கோணும், காது விழும். பரவாயில்லை. கரைப்பதும் வாளித் தண்ணீரில்தான். அந்தத் தண்ணீர் அப்படியே செம்பருத்திச் செடிக்குப் போகிறது.

அத்தை 2022 மாசியில் எங்களை விட்டுப் போனார்கள். கருமாதி முடியும்வரை பதினாறு நாள் வாசலில் கோலம் கிடையாது. தண்ணீர் தெளிப்பதோடு சரி. துக்கம் கேட்க வந்தவர்கள் எல்லாரும் போன ஒரு மதியம், நான் திண்ணையில் தனியாக உட்கார்ந்திருந்தேன். அந்த வெடிப்பிலிருந்து எறும்புகள் வந்து, வழக்கமாகக் கோலம் இருக்கும் இடத்தில் அங்கும் இங்கும் தேடிவிட்டுத் திரும்பின. அதுவரை வராத அழுகை அப்போதுதான் எனக்கு வந்தது. கோலம் போடத்தானே கூடாது? உள்ளே போய் ஒரு கைப்பிடி மாவை எடுத்து வந்து, புள்ளியும் இல்லாமல் கோடும் இல்லாமல், அந்த வெடிப்பின் ஓரத்தில் வைத்தேன். யாரும் தப்புச் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் வைத்திருப்பேன்.

இந்த வருஷ மார்கழிக்கும் எங்கள் தெருவில் போட்டி உண்டு. அரிசி மாவு, செம்மண், மஞ்சள் மட்டும் உபயோகித்துப் போடும் கோலத்துக்குத் தனிப் பரிசு வைக்கவேண்டும் என்று நானும் என் சிநேகிதியும் கேட்டிருக்கிறோம். யோசிக்கிறோம் என்று சொல்லியிருக்கிறார்கள். பரிசு வைக்காவிட்டாலும், அத்தை கற்றுக்கொடுத்த ஏழு புள்ளிக் கோலத்தைத்தான் போடப்போகிறேன். குடம் ஏற்கெனவே ஒன்று இருக்கிறது.

கடிதம் எழுதிய சகோதரி, உன் பெண்ணுக்கு ஒரு சின்னக் கிண்ணத்தில் மாவைப் போட்டுக் கொடு. கோணல்மாணலாகப் போடட்டும். போட்டு முடித்ததும் அவளைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு, எறும்பு வருகிறதா என்று இருவருமாகப் பாருங்கள். வந்ததும் எனக்கு ஒரு வரி எழுதிப் போடு.

அடுத்த இதழில் பனிக்காலத்தில் குழந்தைகளுக்கு வரும் தோல் வறட்சியைப் பற்றிப் பேசுவோம்.